சாவிக்காரர் லீவு

ரெண்டு தடவை மணி அடித்து நின்றுவிட்டது. ரெண்டு மிஸ்டு கால் என்றால் அவள் போய்விட்டாள் என்று அர்த்தம், பியூன் பிச்சுமணியும் நானும் பேசி வைத்தது அதுதான், ஒன்று என்றால் இன்னும் இருக்கிறாள், ரெண்டு என்றால் எழுந்து வரலாம். எழுந்தேன், பாதிதான் எழுந்தேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் சுங்க ஆபீஸ் வாசலில் இருந்து ஒரு பொம்பளை இறங்கி, லாரிகளுக்கு நடுவே நின்று, எந்த லாரி வழி விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த காகிதம். இலங்கை அகதி முகாம்காரிதான். போனாள் என்றால் பஸ் ஸ்டாப்புக்கு அல்லவா போக வேண்டும், இடது பக்கம் அல்லவா திரும்ப வேண்டும், இவள் நேரே நான் இருக்கிற கோயில்பிச்சை டீக்கடையைப் பார்த்து வருகிறாளே. எழுந்த ஆளை எல்லோரும் பார்ப்பார்கள், உட்கார்ந்தவனை யாரும் பார்க்க மாட்டார்கள், உட்காரு லே தொம்மை. உட்கார்ந்தேன். வலது கை தானாகவே கால்சட்டைப் பைக்குள் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது. பிடித்த சரக்கைப் போட்டு வைக்கிற கிடங்குக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி சூப்பிரண்டு கிருபாகரன் சாரிடம், இன்னொன்று ஹெட் ஹவில்தார் என்னிடம். ரெண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும், ஒருத்தன் தனியாகத் திறந்து திருடிவிடக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஒருத்தன் டீ குடிக்கப் போய்விட்டால் போதும், கதவு சுவர் ஆகிவிடும்.

அவள் என்னைப் பார்த்ததில்லை. நான்தான் அவளைப் பார்த்திருக்கிறேன், முதல் ஒன்றிரண்டு வாரம் மாடி ஜன்னல் வழியாக, உச்சி வகிடு மட்டும். பன்னிரண்டு வியாழக்கிழமையாக வருகிறாள். முகாமில் வியாழக்கிழமைதான் வெளியே போகக் கையெழுத்துக் கொடுப்பார்களாம், சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிப் போய் ஆஜர் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் எங்களுக்கு வசதி, வியாழக்கிழமை என்றால் நான் யூனிபார்ம் வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பத்தரைக்கே இங்கே வந்துவிடுவேன். ஒரு வாரம் சூப்பிரண்டு மீட்டிங், மறுவாரம் சாவிக்காரர் லீவு. அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போவாள். நேற்றுத்தான் கிருபாகரன் சார் சொன்னார், "உக்கார இடம் இருந்தா உக்காரத்தான்வே செய்வா. பெஞ்சத் தூக்கி உள்ள போடு" என்று. நானும் பிச்சுமணியும்தான் தூக்கினோம். நான் தலைப்பக்கம் பிடித்தேன். தேக்குப் பெஞ்சு, நல்ல கனம். அது அங்கே கிடந்திருந்தால் இவள் ஏன் இங்கே வருகிறாள். வந்துவிட்டாள். வேறு இடம் இல்லாதது போல என் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைப் பாதத்தால் தேய்த்துக்கொண்டு, "ஒரு தேத்தண்ணி தாங்கோ அண்ணை" என்றாள். கோயில்பிச்சை அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவனுக்கு எல்லாம் தெரியும், பாவி வாயைத் திறந்து "ஹவில்" என்று ஆரம்பித்தான், நான் முறைத்த முறைப்பில் "அவிச்ச முட்டை வேணுமாம்மா" என்று திருப்பினான். "வேண்டாம் அண்ணை, தேத்தண்ணி போதும்" என்றாள்.

குரல் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஜன்னலில் இருந்து பார்த்த வகிட்டுக்கு நான் அழுகிற குரல் ஒன்று வைத்திருந்தேன். இவள் என்னவென்றால் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவள் மாதிரி பேசுகிறாள். "அங்க வாங்கு ஒண்டு கிடந்தது, இண்டைக்குக் காணேல்ல, பெயின்ற் அடிக்கக் கொண்டு போட்டினமாக்கும்" என்றாள், என்னிடம்தான். அவர்கள் பாஷையில் பெஞ்சுக்கு வாங்கு. நான் "இருக்கும்மா" என்றேன். "நீங்கள் இஞ்சதான் வேலையோ?" "உப்புக் கம்பெனி வாட்ச்மேன்." எவ்வளவு சுளுவாக வருகிறது பொய், பல்லுக்கு இடையில் மாட்டாமல். அவள் பேர் தவமலர் என்றாள். முகாமில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் செயற்கைக் கால் பூட்டிக் கொடுக்கிறாளாம். சண்டையில் கால் போனவர்களுக்கு. நோர்வேயில் இருக்கிற அவள் ஊர்க்காரர்கள், அங்கே ஆட்கள் மாட்டி மாற்றிப் போட்ட பழைய கால்களைச் சேர்த்து, கழுவித் துடைத்து, அறுபத்திரண்டு கால் பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்பினார்களாம், சுங்கக்காரர் அதை ஆஸ்பத்திரிக் குப்பை என்று பிடித்துவிட்டார்களாம், இவர்கள் சென்னைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்களாம், அங்கே நீதிபதி குப்பை இல்லை, கால்தான், நாலு வாரத்துக்குள் கொடு என்று எழுதிவிட்டாராம். எல்லாம் எனக்குத் தெரிந்த கதை. தெரியாதவன் மாதிரி "அப்படியா" என்று கேட்கிறேன். அப்படியா, அப்படியா. அந்த உத்தரவு வந்த தபாலை வாங்கிக் கையெழுத்துப் போட்டது யார்? நான். ஆடி மாதம், திங்கட்கிழமை, தபால்காரன் பேனா கொடுத்தான், போட்டேன், கொண்டு போய் சார் மேஜை மேல் வைத்தேன். மேஜை மேல்தான் வைத்தேன். என்ன தபால் என்று சொன்னேனா, சொல்லவில்லை, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, மூணாங்கிளாஸோடு வலை பிடிக்கப் போனவன், ஆனால் மூணு சிங்கம் தெரியும், சிவப்பு அரக்கு தெரியும், இது அவசரம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் போனில் இருந்தார். மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. ஒன்பதாம் நாள்தான் ரோலர். வருசத்துக்கு ஒரு தடவை பிடித்த சரக்கை அழிக்கிற நாள், உப்பளத்துக்குப் பின்னால் பொட்டலில் கள்ளச் சிகரெட்டைக் கொட்டி ரோடு ரோலரை ஏற்றுவோம், பெரிய அதிகாரி வந்து போட்டோ எடுத்துக்கொள்வார். இந்த வருசம் சிகரெட் குறைச்சல். கிடங்கைக் காலி பண்ணு என்று மேலே இருந்து நெருக்கடி. கிருபாகரன் சார் பட்டியலைப் பார்த்து, "அந்தக் காலெல்லாம் கிடக்குல்லா, அதையும் ஏத்துங்கவே, பாக்கவே சகிக்கல" என்றார். ரெண்டு சாவியும் அன்றைக்கு ஒரு நிமிசத்தில் சேர்ந்தன. லாரியில் ஏற்றும்போது ஒரு காலில் சாக்ஸ் இருந்தது, சாம்பல் நிறம், குதிகாலில் ஒட்டுப் போட்டுத் தைத்தது. அந்த நோர்வேக்காரன் பொண்டாட்டி தைத்திருப்பாள். ரோலர் ஓட்டுகிற மாடக்கண்ணு இறங்கி வந்து பார்த்துவிட்டு, "ஏ அண்ணாச்சி, மனுச காலு மாதிரி கெடக்கே, நான் ஏத்த மாட்டேன்" என்றான். "அது பிளாஸ்டிக்குலே, ஏத்து" என்றார் சார். சிகரெட் பெட்டி நசுங்கினால் சத்தம் வராது, தலையணையில் உட்கார்ந்த மாதிரிதான். கால் சத்தம் போடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம், முழங்கால் ஒரு சத்தம், தொடை நுழைகிற கிண்ணம் ஒரு சத்தம். ஒரு கால் மட்டும் சக்கரத்துக்கு ஓரமாக நழுவித் துள்ளி வெளியே வந்து விழுந்தது. சார் சிரித்தார். "ஓடப் பாக்குதுவே, பிடி பிடி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்தான் போய் அதைக் காலால் உள்ளே தள்ளினேன், காலால் காலை. பிறகு சாட்சிக் கையெழுத்து. தபாலைப் பிரித்தது அதற்கு மறுநாள். சார் முகம் செத்துப்போனது, ஒரு நிமிசம்தான், அப்புறம் பழைய முகம் வந்துவிட்டது. "மேல அப்பீல் போட்டுத் தடை வாங்குவோம். அதுவரைக்கும் கதவு திறக்கக் கூடாது. தெறந்தாத்தானே காலின்னு தெரியும்? ரெண்டு பூட்டு எதுக்குவே இருக்கு?" என்றார். அப்புறம் மெதுவாக, "கையெழுத்துப் போட்டது நீயும்தான்வே, மாசியில ரிட்டயர்டு இல்லியா உனக்கு" என்றார். இப்போது மாசிக்கு இன்னும் நாலு மாதம்.

"சாவிக்காரருக்குத்தான் ஏதோ வருத்தமாம்" என்கிறாள் பக்கத்தில். வருத்தம் என்றால் அவர்களுக்கு நோய். "காலில புண்ணாம். ஆறுதில்லையாம். அந்தப் பெரியவர் சொன்னவர்." கிருபாகரன் சார் அப்படியா சொன்னார்? எனக்குக் காலில் புண் என்றா? எத்தனையோ நோய் இருக்க, காய்ச்சல் இல்லையா, பேதி இல்லையா, இவளிடம் போய்க் காலில் புண் என்று சொல்லி, அவள் போன பிறகு எப்படிச் சிரித்திருப்பார். "சீனி வியாதியோ என்னவோ. அப்படியெண்டா விடக் கூடாது அண்ணை. நான் அந்தப் பெரியவரிட்டச் சொன்னனான், அவரை எங்கட கொட்டிலுக்கு ஒருக்கா அனுப்புங்கோ, காலை எடுக்க வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம், நான் பூட்டி நடக்க வைக்கிறன் எண்டு." கோயில்பிச்சை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது, சிரிக்கிறானா என்னவென்று தெரியவில்லை. என் இடது கால் சுரீரென்றது. மெய்யாகவே. முட்டிக்குக் கீழே, எறும்பு கடித்த மாதிரி. மாதாவே, சொன்ன வாய் பலித்துவிடுமோ, அம்மா சொல்லுவாள், இல்லாத நோயைச் சொல்லாதே, அது கேட்டுக்கொண்டே இருக்கும், வாசலில் நிற்கும் என்று. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். காலைப் பார்க்கிற பொம்பளை, முகத்தைப் பார்க்காது. "என்ர மனுசனுக்கும் இடதுதான்" என்றாள். "தொடையோட. செல் குண்டு விழுந்து. பேர் சிவபாலன். பூட்டியிருந்த கால் வெடிச்சுப் போச்சு, இப்ப ஒரு வருசமாப் பலகையில இருந்து கையால உந்தித்தான் கக்கூசுக்கும் போறார். ஆம்பிளை, வெக்கப்படுறார், தண்ணி குடிக்கிறதையே குறைச்சுப் போட்டார். இந்தப் பெட்டிக்குள்ள அவருக்கெண்டே அளவெடுத்து ஒண்டு வந்திருக்கு. கிண்ணத்துக்குள்ள பேரும் எழுதி அனுப்பினவை."

எழுதியிருந்தது. நான் பார்த்தேன். லாரியில் ஏற்றும்போது, நீல மையில், தமிழில், அதனால்தான் படித்தேன், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சி, வ, பா. பாதியில் யாரோ "தூக்குவே" என்று கத்தினான், முழுதும் படிக்கவில்லை. சிவபா. சிவபாக்கியமாகக் கூட இருக்கலாம், பொம்பளைக் காலாக இருக்கலாம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், பொம்பளைக் கால் என்றால் என்ன குறைச்சல், ஆனால் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். என் சாவிக்கயிறு இற்றுப்போயிருந்தது அப்போது. காலில் கட்டுகிற தோல்வார்கள், பழுப்பு நிறம், எண்ணெய் விட்ட மாதிரி வழவழவென்று, பித்தளைப் பக்கிளோடு, வீணாக ரோலருக்குப் போகிறதே என்று ஒன்றை உருவிக்கொண்டேன். எந்தக் காலில் இருந்து உருவினேன்? பேர் எழுதின காலில் இருந்தா, அதற்கு அடுத்ததில் இருந்தா? படித்ததற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் கையில் இருந்தது அந்தக் கால்தான். முன்னால் என்றால் சாக்ஸ் போட்ட கால். சாக்ஸ் போட்ட காலுக்கு வார் இருந்ததா? இருந்தது. இல்லை, அதற்குக் கயிறு. மூணு மாதமாக இந்த வாரில்தான் சாவி தொங்குகிறது, மூணு மாதமாக ராத்திரி ஆணியில் மாட்டுகிறேன், காலையில் எடுக்கிறேன், இதுவரைக்கும் ஒரு நாளாவது கேட்டேனா எந்தக் கால் என்று. இப்போது பைக்குள் கை வியர்த்து, வார் ஈரமாகி, உயிருள்ளது மாதிரி விரலைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது.

"அண்ணாச்சி, டீ" என்று கோயில்பிச்சை நிரம்பத் தளும்பிய கிளாஸை நீட்டினான், நான் கேட்கவே இல்லை, சும்மா இருக்க முடியாமல் நீட்டினான். ஒரு கையால் வாங்கினால் சுடும். வலது கையைப் பையில் இருந்து எடுத்தேன், விரலைச் சுற்றிக் கிடந்தது கூடவே வந்துவிட்டது, வாரின் நுனி, பக்கிள், ஒரு சாண் நீளம், பெஞ்சுக்கு மேல் தொங்கியது. அவள் கண் அதில் விழுந்தது. "அண்ணை, அந்த வாரை ஒருக்காத் தாங்கோ." கொடுக்காமல் எழுந்து ஓடியிருக்கலாம். அறுபது வயசில் ஓடினால் எவ்வளவு தூரம். அவளே குனிந்து எடுத்தாள், சாவியும் வந்தது, விரல் நீளச் சாவி, பித்தளை வில்லை, வில்லையில் ஆபீஸ் முத்திரை, எண் ரெண்டு. அவள் சாவியைப் பார்க்கவில்லை முதலில். வாரைத்தான் பார்த்தாள். கட்டை விரலால் தடவினாள், மூக்கில் வைத்து மோந்தாள், பக்கிளைத் திறந்து மூடினாள், பெற்ற பிள்ளையின் கையைப் பார்ப்பது மாதிரி. "தொடைக்குக் கட்டுறது. இடது" என்றாள். அப்புறம் வில்லையைப் பார்த்தாள். அப்புறம் என் வெள்ளைக் கால்சட்டையை. இப்போது விழும் அடி, காறித் துப்புவாள், சாபம் போடுவாள், போடட்டும், போட்டால் தேவலை. "நீங்களே அது?" என்றாள். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். "கால் சுகமோ?" என்றாள்.

அவள் முகத்தில் ஏறியது கோபம் இல்லை. எனக்கு அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சந்தோசம். "பூஞ்சணம் பிடிக்கேல்ல" என்கிறாள், "பாருங்கோ, எலி கறும்பேல்ல, தோல் வெடிக்கேல்ல. மூண்டு மாசமா எனக்கு நித்திரை இல்லை அண்ணை, அங்க மழை ஒழுகுதோ கறையான் அரிக்குதோ எண்டு. இந்த வார் இப்பிடி இருக்கெண்டா எல்லாம் இப்பிடித்தானே இருக்கும்? நீங்கள் உள்ளுக்குப் போய்ப் பாக்கிறனீங்கள்தானே? நல்லா இருக்குதோ?" இருக்கிறது என்று சொல்லாதே. இல்லை என்றும் சொல்லாதே, மாசிக்கு நாலு மாதம். "இருக்கும்மா" என்றேன். "பத்திரமா இருக்கு." "பேர் எழுதின ஒண்டு கண்டனீங்களோ, நீல மையால?" "பாத்தேன்" என்றேன். இன்றைக்கு முழுவதும் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான், அதுதான் எல்லாவற்றையும் விட மோசமான பொய்யாகப் போய் விழுந்தது. இப்போதே திறக்கலாமா என்று எழுந்தாள். சார் வெளியே போய்விட்டார், அவர் சாவியும் வேண்டும், அடுத்த வியாழன் வா என்றேன். நம்பினாள். வாரை எடுத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, "ஒண்டு போனாப் பரவாயில்லை, நான் வேற தைச்சுப் போடுவன்" என்று, என் இடுப்பு பெல்ட்டில் அவளே சுற்றி, அவர்கள் கட்டுகிற முறையில் ஒரு மடக்கு மடக்கி, பக்கிளைப் பூட்டிவிட்டாள். "இப்பிடிக் கட்டினா நடக்கேக்க வழுக்காது." அப்புறம் போனை எடுத்தாள். "இஞ்சேருங்கோ, கால் இருக்கு. உங்கட பேர் எழுதினது. சாவிக்கார அண்ணை தன்ர கண்ணால கண்டவராம். அழாதேங்கோ. இந்தா, கதையுங்கோ." என் காதில் போனை வைத்தாள். ஒரு ஆம்பளை மூச்சு விடுகிற சத்தம். "ஐயா," என்றான், "அதை மட்டும் நிலத்தில வைக்காமல் கொஞ்சம் உயரத் தூக்கி வைச்சு விடுவியளோ, ஈரம் படாமல்." "வச்சிருதேன்" என்றேன்.

அவள் போய்விட்டாள். இந்தத் தடவை இடது பக்கம்தான் திரும்பினாள், பஸ் ஸ்டாப்புப் பக்கம், செருப்பு தேய்கிற வேகம். போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். கோயில்பிச்சை கிளாஸைக் கழுவிக்கொண்டே, "உங்களுக்கு இனிமே இங்க டீ கெடையாது" என்றான், என்னைப் பார்க்காமல். போன் அடித்தது, ரெண்டு தடவையில் நிற்கவில்லை, சார். "என்னவே, பெஞ்சு எடுத்தது வேலை செஞ்சுதா? போயிட்டாளா?" "போயிட்டா சார்." "இனிமே வர மாட்டால்லா?" பெல்ட்டில் பக்கிளைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் மடக்கின மடக்கு எனக்குப் பிடிபடவில்லை, இழுக்க இழுக்க இறுகுகிறது. "வருவா சார். அடுத்த வியாழக்கிழமை. தனியா இல்ல. கால் இல்லாத ஆளு பதினாலு பேரு முகாம்ல இருக்காங்களாம். அதிகாரிகிட்டச் சொல்லி எல்லாருக்கும் கையெழுத்து வாங்கி, லோடு ஆட்டோ பிடிச்சு, இங்கனயே மாட்டி அளவு பாக்கக் கூட்டியாறேன்னு சொல்லிட்டுப் போறா." பக்கிளை விட்டுவிட்டேன். "சார்," என்றேன், "அந்தப் பெஞ்ச வெளிய எடுத்துப் போடட்டுமா?"